எல்லா நாடும் சமம்னா, ஓசூர் ஸ்கூட்டருக்கு பெய்ஜிங் அனுமதி எதுக்கு? நாடுகளுக்குள் இருக்கும் மேல்-கீழ் பற்றி ஒரு முழு விளக்கம்

ஓசூரில் தயாராகும் ஒரு மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். வண்டியை அசெம்பிள் பண்றது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். வாங்கப் போறவர் சேலத்திலோ மதுரையிலோ இருக்கார். இதில் சீன அரசுக்கு என்ன வேலை?

2025 ஏப்ரல் வரை இந்தக் கேள்வியை யாரும் பெருசா கேட்கலை. அதற்குப் பிறகு ஓசூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் மின்சார வாகனத் துறையில் இருக்கும் எல்லோரும் கேட்டாங்க. காரணம், மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சின்ன காந்தம்.

'உலகத்தில் எல்லா நாடுகளும் சமம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஐக்கிய நாடுகள் சபையின் சாசனமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் மேல்-கீழ் இருக்கு. அது எப்படி உருவாகிறது, யார் கையில் என்ன பிடி இருக்கு, கீழே இருப்பவர்களுக்கு என்ன வழி? ஓசூர்-கிருஷ்ணகிரி பகுதியை வைத்தே பார்க்கலாம். ஏன்னா இந்த மண் இதை இப்போது புதுசா பார்க்கலை.

*காந்தத்தில் என்ன பிரச்சனை?*

2025 ஏப்ரல் 2-ம் தேதி அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் உலக நாடுகள் மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். இரண்டே நாளில், ஏப்ரல் 4-ம் தேதி, சீனா பதிலடி கொடுத்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய 7 அரிய மண் தனிமங்களையும், அவற்றால் செய்யப்படும் காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய இனி அரசு அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டது.

சண்டை சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும். ஆனால் உத்தரவு எல்லா நாட்டுக்கும் பொருந்தும். அங்கேதான் ஓசூர் மாட்டியது.

மின்சார வண்டியின் மோட்டாரில் பொதுவாக இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம். மோட்டார் சூடாகும்போது காந்தசக்தி குறையாமல் இருக்க அதில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்ப்பார்கள். நியோடிமியம் அந்த ஏப்ரல் பட்டியலில் இல்லை. ஆனால் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருந்தன. வண்டியின் மொத்த விலையில் இந்த காந்தத்தின் பங்கு 5 சதவீதம் கூட கிடையாது. ஆனால் அது இல்லாமல் மோட்டார் சுத்தாது.

இந்திய நிறுவனம் ஒன்று இந்தக் காந்தத்தை வாங்க என்ன செய்யணும்? 'இதை இன்ன வேலைக்குத்தான் பயன்படுத்துவோம், ராணுவத்துக்குப் போகாது' என்று இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் தரணும். அது இந்தியத் தரப்பில் சான்றளிக்கப்பட்டு, தில்லியில் உள்ள சீனத் தூதரகம் வழியாகப் போய், கடைசியில் பெய்ஜிங்கில் இருக்கும் சீன வர்த்தக அமைச்சகம் அனுமதி தரணும். அந்த அமைச்சகத்தின் பரிசீலனைக்கு மட்டுமே 45 வேலை நாட்கள் வரை ஆகலாம்.

ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், ஏத்தர் எனர்ஜி ஆகியவற்றின் ஆலைகள் இருக்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக்கின் பெரிய ஆலை இருக்கிறது. காந்தம் கிடைப்பதில் உள்ள சிக்கல் குறுகிய காலத்துக்கும் நடுத்தர காலத்துக்கும் சவாலாக இருக்கும் என்று டிவிஎஸ் நிறுவனமே 2025-ல் தன் விற்பனை அறிக்கையில் குறிப்பிட்டது. வண்டிக்கு ஆர்டர் இருக்கு, ஆள் இருக்கு, மெஷின் இருக்கு. காந்தத்துக்கு மட்டும் காத்திருக்கணும்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

ஐ.நா. சாசனத்தின் 2-வது பிரிவு முதல் உட்பிரிவிலேயே எல்லா உறுப்பு நாடுகளின் இறையாண்மையும் சமம் என்று சொல்லிவிடுகிறது. இப்போது 193 உறுப்பு நாடுகள். பொதுச் சபையில் 140 கோடி மக்களுக்கு மேல் இருக்கும் இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, சில ஆயிரம் பேர் மட்டுமே இருக்கும் துவாலுவுக்கும் ஒரு ஓட்டு.

ஆனால் அதே சாசனம்தான் இன்னொன்றையும் சொல்கிறது. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய 5 நாடுகளுக்கு வீட்டோ. மற்ற 14 உறுப்பினர்களும் ஒரு பக்கம் நின்றாலும், இந்த ஐவரில் ஒருவர் 'முடியாது' என்றால் முக்கியத் தீர்மானம் அத்தோடு முடிஞ்சது. இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறோம். அதற்கு சாசனத்தைத் திருத்தணும். திருத்தம் செல்லுபடியாக அந்த ஐவரின் ஒப்புதலும் வேணும்.

இன்னும் 2 உதாரணங்கள்.

சர்வதேச நாணய நிதியம்: இங்கே ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு கிடையாது. பங்கைப் பொறுத்துத்தான் ஓட்டு. மிக முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத ஓட்டு தேவை. அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கணக்கு போட்டால், அமெரிக்கா சம்மதிக்காமல் அந்த முடிவு வராது. வீட்டோ என்ற பெயர் இல்லை, வேலை அதேதான்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்: 1967 ஜனவரி 1-க்கு முன்பு அணுகுண்டு வெடித்த நாடுகள் மட்டுமே 'அணு ஆயுத நாடுகள்'. அதற்குப் பிறகு வெடித்த யாருக்கும் அந்த அந்தஸ்து இல்லை. இந்தியா முதல் சோதனை செய்தது 1974-ல். இது பாகுபாடு என்று சொல்லி இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்து போடவில்லை.

ஆக, சமத்துவமும் சட்டத்தில்தான் இருக்கு, மேல்-கீழும் சட்டத்தில்தான் இருக்கு.

*ஆய்வாளர்கள் என்ன சொல்றாங்க?*

சர்வதேச உறவுகளைப் படிப்பவர்களிடம் இதில் ஒரு பெரிய விவாதமே உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979-ல் எழுதிய நூலில், நாடுகளுக்கு மேலே ஓர் அரசாங்கம் இல்லை, அதனால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளணும் என்று வாதிட்டார். அவருடைய பார்வையில் நாடுகளுக்குள் பலத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் 'நீ உத்தரவிடு, நான் கீழ்ப்படிகிறேன்' என்ற உறவு கிடையாது.

2009-ல் டேவிட் லேக் என்ற அறிஞர் இதற்கு நேர் எதிராகச் சொன்னார். பல நாடுகள் பாதுகாப்புக்காகவோ வியாபாரத்துக்காகவோ இன்னொரு நாட்டின் மேலாதிக்கத்தை ஏற்றுக்கொண்டுதான் வாழ்கின்றன, வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் என்றார்.

2019-ல் ஹென்றி ஃபாரல், ஆபிரகாம் நியூமன் என்ற இருவர் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். உலக வர்த்தகம் எல்லோரையும் ஒருவரோடு ஒருவர் கட்டிப் போட்டிருக்கிறது. ஆனால் அந்த வலையில் சில முடிச்சுகள் சிலர் கையில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் நினைத்தால் அதையே ஆயுதமாக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள கிருஷ்ணகிரி டோல்கேட் போதும். சாலை எல்லோருக்கும் பொது. லாரி, பஸ், கார் எல்லாம் போகலாம். ஆனால் எல்லாரும் அந்த ஓர் இடத்தைத் தாண்டித்தான் போகணும். கேட்டைத் திறப்பதும் மூடுவதும் ஒருத்தர் கையில் என்றால், சாலையில் ஓடும் வண்டி எவ்வளவு பெரிசா இருந்தாலும் நின்னுதான் ஆகணும். சீனாவுக்கு காந்தம் அப்படி ஒரு டோல்கேட். அமெரிக்காவுக்கு டாலர் ஒரு டோல்கேட். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் முக்கிய வங்கிகள் சிலவற்றை ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கித் தகவல் அமைப்பிலிருந்து மேற்கத்திய நாடுகள் நீக்கியது நினைவிருக்கலாம். அதுவும் கேட்டை மூடுவதுதான்.

*இந்த மண் பார்த்த மேல்-கீழ்*

'திறை' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பெரிய வேந்தனுக்குச் சிறிய மன்னன் கட்டும் கப்பம் அது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் சங்க காலத்தில் தகடூர் நாடு. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூறு சொல்கிறது. பிறகு அந்தத் தகடூரை வென்ற சேர மன்னனுக்கு 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்றே பெயர். மூவேந்தருக்கு நடுவில் ஒரு குறுநில மன்னன் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வி இந்த ஊருக்கு 2,000 வருஷப் பழசு.

அடுத்த கட்டம் 1792. மூன்றாம் ஆங்கிலேய-மைசூர் போரில் தோற்ற திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் கையெழுத்து போட்டார். நாட்டில் பாதியைக் கொடுக்கணும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரணும். அது கட்டி முடியும்வரை அவருடைய 2 மகன்களும் ஆங்கிலேயரிடம் பிணை. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன பகுதிகளில் ஒன்று பாராமகால். அதாவது கிருஷ்ணகிரி வட்டாரம். ஓசூர் மட்டும் திப்புவிடமே இருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் ஓசூரும் கம்பெனி வசம் வந்தது. கிருஷ்ணகிரி ஒரு நாட்டிலும் ஓசூர் இன்னொரு நாட்டிலுமாக ஏழு ஆண்டுகள் இருந்திருக்கின்றன.

1799-ல் கம்பெனி மைசூரை முழுசா விழுங்கவில்லை. உடையார் வம்சத்தைச் சேர்ந்த சிறுவனை அரியணையில் உட்கார வைத்தது. பேருக்கு தனி நாடு. ஆனால் பாதுகாப்பு கம்பெனியின் படை. அதற்கு ஆண்டுக்கு 7 லட்சம் வராகன் மைசூர் தரணும். வேறு நாடுகளோடு தனியாக உறவு வைக்கக் கூடாது. 1831-ல் நிர்வாகத்தையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1881-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். டேவிட் லேக் சொல்வது இந்த மாதிரி உறவைத்தான். கொடி இருக்கும், ராஜா இருப்பார், முடிவு வேறொருவர் கையில் இருக்கும்.

*நாம் பலமான பக்கத்தில் இருந்த கதை*

இதுவரை படிக்கும்போது 'நம்மை எல்லாரும் அமுக்குறாங்க' என்று தோன்றலாம். கதையின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

1892 பிப்ரவரி 18-ம் தேதி மதராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. குறிப்பிட்ட ஆறுகளின் குறுக்கே மதராஸின் முன் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய அணை கட்டக் கூடாது என்பது சாரம். காவிரி அதில் உண்டு. ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் தென்பெண்ணையும் உண்டு.

ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் பிரிட்டிஷ் அரசு நேரடியாக ஆண்ட மாகாணம். மறுபக்கம் அதே பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். பிறகு காவிரியில் இருவருக்கும் தகராறு வந்தது. நடுவராக இருந்த கிரிஃபின் 1914-ல் கொடுத்த தீர்ப்பு மைசூருக்கு சாதகமாக இருந்தது. மதராஸ் விடவில்லை. லண்டனில் இருந்த இந்தியாவுக்கான அமைச்சர் வரை போனது. தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. கடைசியில் 1924-ல் புதிய ஒப்பந்தம் போட்டார்கள்.

'பலமில்லாத நிலையில் எங்களை கையெழுத்து போட வைத்தார்கள்' என்பது கர்நாடகத்தின் நீண்டகால வாதம். 2018 பிப்ரவரி 16-ம் தேதி காவிரி வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒப்பந்தங்கள் அந்தக் காரணத்தால் செல்லாமல் போகாது என்றது. அதே சமயம் 1924 ஒப்பந்தத்தின் காலம் 50 ஆண்டுகளோடு 1974-ல் முடிந்துவிட்டது என்றும் சொன்னது.

தென்பெண்ணையின் துணை ஆறான மார்க்கண்டேய நதியில் யார்கோல் என்ற இடத்தில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்து தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனபோதும் ஆதாரமாகக் காட்டியது இந்த 1892 ஒப்பந்தத்தைத்தான். இடைக்காலத் தடை கேட்ட மனுவை 2019 நவம்பர் 14-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதில் யார் சரி, யார் தப்பு என்பது தனி விவாதம். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். பலமானவர் எழுதிய விதி, எழுதியவர் போன பிறகும் 130 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது. ஆற்றின் மேல் பக்கத்தில் இருப்பவருக்கு இயற்கை ஒரு பலத்தைக் கொடுக்கிறது, கீழ்ப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒப்பந்தம் ஒரு பலத்தைக் கொடுக்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் ஓசூர்க்காரர்களுக்கு முதல் பலம் நல்லாவே தெரியும். பெங்களூரு பக்கத்துக் கழிவு இங்கே வந்துதான் நுரைக்கிறது.

*சீனா இந்தப் பிடியை எப்படிப் பிடித்தது?*

பெயரில் 'அரிய' என்று இருந்தாலும் இந்தத் தனிமங்கள் பூமியில் அவ்வளவு அரிதில்லை. இந்தியாவிலும் நிறைய இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் உண்டு. ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனம் அங்கே பல காலமாக இயங்குகிறது.

கஷ்டம் தோண்டுவதில் இல்லை, பிரிப்பதில். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கும் தனிமங்களை அமிலத்தில் கரைத்து, திரும்பத் திரும்பப் பல கட்டங்களாகப் பிரிக்கணும். கழிவு அதிகம், அதில் கதிரியக்கமும் இருக்கலாம். 1980-களிலிருந்து மேற்கத்திய நாடுகள் 'இந்த அழுக்கு வேலை நமக்கு வேண்டாம், மலிவா கிடைக்கும் இடத்தில் வாங்கிக்கலாம்' என்று மெல்ல ஒதுங்கின. சீனா அந்தக் கழிவையும் மாசையும் சுமந்து, தொழில்நுட்பத்தையும் கற்றுக்கொண்டது. விளைவு, இன்று உலகில் தோண்டுவதில் சுமார் 60 சதவீதம், பிரித்தெடுப்பதிலும் காந்தம் செய்வதிலும் சுமார் 90 சதவீதம் சீனாவிடம் இருக்கிறது.

எச்சரிக்கை மணி முன்பே அடித்தது. 2010 செப்டம்பரில் சீன மீன்பிடிப் படகு ஒன்று சென்காகு தீவுகள் அருகே ஜப்பான் கடலோரக் காவல் படகுகளோடு மோதியது. படகின் கேப்டனை ஜப்பான் கைது செய்தது. அதைத் தொடர்ந்து ஜப்பானுக்கு வரவேண்டிய அரிய மண் தனிமங்கள் நின்றுபோயின. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் தொடுத்த வழக்கில் 2014-ல் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டது.

ஜப்பான் அத்தோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 2011-லேயே பணம் கொடுத்து சீனாவுக்கு வெளியே ஒரு வழியை வளர்த்தது. மற்ற பல நாடுகள், நம்மையும் சேர்த்து, விலை இறங்கியதும் மறந்துவிட்டன.

*ஒரே எண்ணெய், இரண்டு நியாயம்*

இப்போது அமெரிக்கா பக்கம் வருவோம். 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி இந்தியப் பொருட்கள் மீது 25 சதவீத வரி அமலுக்கு வந்தது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதாகச் சொல்லி ஆகஸ்ட் 27-ம் தேதி முதல் மேலும் 25 சதவீதம். மொத்தம் 50.

ஆனால் ரஷ்யாவிடம் அதிகமாகக் கச்சா எண்ணெய் வாங்கும் நாடு சீனா. இந்தியா இரண்டாவது இடம். அந்தக் காரணத்துக்காக சீனா மீது அப்போது தனி வரி போடவில்லை.

ஏன்? அமெரிக்கா முதலில் சீனாவோடும் மோதிப் பார்த்தது. ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான வரி 145 சதவீதம் வரை போனது. சீனா காந்தத்தை நிறுத்தியதும் அமெரிக்க வாகனத் துறையே தவித்தது. மே மாதம் ஜெனீவாவில் தற்காலிக சமரசம். அக்டோபர் 9-ம் தேதி சீனா கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியது. அக்டோபர் 30-ம் தேதி தென் கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். அக்டோபர் கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு நிறுத்தி வைக்க சீனா சம்மதித்தது, அமெரிக்கா வரியில் ஒரு பகுதியைக் குறைத்தது.

இந்தியாவிடம் பெரிய சந்தை இருக்கு, மருந்து, ஐ.டி. சேவை எல்லாம் இருக்கு. ஆனால் 'இதை நிறுத்தினால் ஒரு மாதத்தில் உங்கள் ஆலை நிற்கும்' என்று சொல்லும்படியான ஒரு டோல்கேட் கையில் இல்லை. வித்தியாசம் அதுதான்.

காந்த விஷயத்தில் இந்தியாவும் பேசித்தான் தீர்க்க முயன்றது. 2025 ஆகஸ்டில் தில்லி வந்த சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி இந்தியாவின் கவலையைக் கவனிப்பதாக உறுதி கொடுத்ததாகத் தகவல் வெளியானது. அக்டோபர் இறுதியில் சில இந்திய நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்திருப்பதாக வெளியுறவு அமைச்சகம் சொன்னது. கட்டுப்பாடு வந்து ஏறக்குறைய ஏழு மாதம் கழித்து!

*ஒரே மாவட்டம், மூன்று விதி*

இந்த மேல்-கீழ் விளையாட்டு கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் எப்படி இறங்கியது என்று பாருங்கள்.

ஸ்மார்ட்போன்: டாடா எலக்ட்ரானிக்ஸ் ஓசூர் அருகே ஐபோன் தொடர்பான பெரிய ஆலையை நடத்துகிறது. 2025-ல் அந்த 50 சதவீத வரியிலிருந்து ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்தது. அமெரிக்க நிறுவனத்தின் பொருள், அமெரிக்க வாடிக்கையாளருக்கே போகிறது. வரி போட்டால் அவர்களுக்கே வலிக்கும்.

கார் உதிரிபாகம்: பல வகை உதிரிபாகங்களுக்கு மே 3-ம் தேதி முதல் தனிச் சட்டத்தின் கீழ் 25 சதவீத வரி. இது இந்தியாவுக்கு மட்டும் இல்லை, பல நாடுகளுக்கும் வந்தது.

கிரானைட் போன்றவை: விலக்குப் பட்டியலில் இல்லாததால் முழு 50 சதவீதம்.

மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊரில் நடக்கும் தொழில். உழைப்பு ஒன்றுதான். ஆனால் யாருக்கு என்ன வரி என்பதை முடிவு செய்தது, அந்தப் பொருள் இல்லாமல் வாஷிங்டனுக்கு எவ்வளவு சிரமம் என்ற கணக்கு.

இந்தக் கணக்கில் கடைசியில் அடி யாருக்கு? உற்பத்தி குறைந்தால் பெரிய நிறுவனம் மாடலை மாற்றும், கையிருப்பை வைத்துச் சமாளிக்கும். அதற்கு உதிரிபாகம் செய்துதரும் சின்ன லேத் பட்டறைக்கு அந்த வசதி கிடையாது. ஆர்டர் தள்ளிப்போனால் பேங்க் தவணை தள்ளிப்போகாது. ஆலைக்குள் முதலில் ஷிஃப்ட் குறைவது பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான். நாடுகளுக்குள் இருக்கும் மேல்-கீழ், நாட்டுக்குள் இருக்கும் மேல்-கீழோடு இப்படித்தான் வந்து சேர்கிறது.

*இந்தியா எங்கே நிற்கிறது?*

நடுவில். மேலேயும் ஆள் இருக்கு, கீழேயும் ஆள் இருக்கு.

1949-ல் இந்தியாவும் பூடானும் போட்ட ஒப்பந்தத்தில், வெளியுறவு விஷயங்களில் பூடான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கும் என்று ஒரு விதி இருந்தது. 1799 மைசூர் ஒப்பந்தத்தின் சாயல் அதில் தெரிகிறதா? 2007-ல்தான் அந்த விதி திருத்தப்பட்டது. 2015-ல் நேபாள எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. அது நேபாளத்தின் உள்நாட்டுப் போராட்டத்தால் வந்தது, நாங்கள் தடுக்கவில்லை என்றது இந்தியா. நேபாளத்தில் பலர் இன்றும் அதை இந்தியாவின் முற்றுகை என்றுதான் சொல்கிறார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காத்மாண்டுக்காரருக்கு, காந்தத்துக்குக் காத்திருந்த ஓசூர்க்காரரின் மனசு புரியும்.

*கீழே இருப்பவர் என்ன செய்யலாம்?*

1. மாற்று தொழில்நுட்பம். அரிய மண் தனிமம் இல்லாத ஃபெரைட் காந்த மோட்டாருக்கு 2025 அக்டோபரில் அரசுச் சான்றிதழ் பெற்றதாக ஓலா எலக்ட்ரிக் அறிவித்தது. பொதுவாக ஃபெரைட் காந்தத்தின் சக்தி குறைவு. அதே வேலையை வாங்க மோட்டார் வடிவமைப்பை மாற்றணும். ஆனால் டோல்கேட்டைத் தவிர்க்கும் மாற்றுப் பாதை அது. ஓசூர் இதை முன்பும் செய்திருக்கிறது. ஜப்பானின் சுசுகியோடு கூட்டு வைத்திருந்த டிவிஎஸ், 2001-ல் பிரிந்து சொந்தமாக விக்டர் பைக்கைக் கொண்டுவந்தது. பிறகு பிஎம்டபிள்யூவின் 310 வரிசை பைக்குகளும் ஓசூரில் தயாராகின. 2020-ல் பிரிட்டனின் நார்ட்டன் நிறுவனத்தையே டிவிஎஸ் வாங்கியது.

2. சொந்த உற்பத்தி. 2025 ஜனவரியில் தேசிய முக்கிய கனிமங்கள் இயக்கத்துக்கும், நவம்பர் 26-ம் தேதி 7,280 கோடி ரூபாயில் காந்த உற்பத்தித் திட்டத்துக்கும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு 6,000 டன் உற்பத்தித் திறன் இலக்கு. ஆனால் இதற்கும் விலை உண்டு. கன்னியாகுமரி கடலோர மக்கள் மணல் எடுப்பதை எதிர்க்கிறார்கள். கதிரியக்கம், கடல் அரிப்பு, நோய் பற்றிய பயம் அவர்களுக்கு இருக்கு. சீனாவின் பிடியிலிருந்து ஓசூர் விடுபட, கன்னியாகுமரி மட்டும் சுமக்கணுமா என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லியாகணும்.

3. பல கடைகளில் வாங்குவது. ஜப்பான் செய்தது இதைத்தான். கொஞ்சம் விலை கூடினாலும் ஒரே ஆளை நம்பி இருக்கக் கூடாது.

4. கூட்டணியும் விதிகளும். உலக வர்த்தக அமைப்பு மாதிரியான பொது மன்றங்கள் சின்ன நாடுகளுக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் அதன் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை. புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததே காரணம். விதிக்கு எல்லோரும் கட்டுப்படணும், ஆனால் விதியைக் காக்கும் அமைப்பையே நிறுத்த ஒருவரால் முடிகிறது.

5. பேரம். 1974-க்குப் பிறகு அணுசக்தி வர்த்தகத்திலிருந்து ஒதுக்கப்பட்ட இந்தியாவுக்கு, 2008 செப்டம்பரில் அணுசக்தி விநியோக நாடுகள் குழு சிறப்பு விலக்கு கொடுத்தது. விதி மாறவில்லை, இந்தியாவுக்கு மட்டும் கதவு திறந்தது. அன்று இந்தியா அவர்களுக்குத் தேவைப்பட்டது.

*சுருக்கமாகச் சொன்னால்*

* சட்டப்படி நாடுகள் சமம். ஆனால் பாதுகாப்பு கவுன்சில், நாணய நிதியம், அணு ஒப்பந்தம் என முக்கியமான இடங்களில் மேல்-கீழ் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.
* இன்றைய பலம் படையிலும் பணத்திலும் மட்டும் இல்லை. எல்லோரும் கடந்தே ஆகவேண்டிய இடம் யார் கையில் என்பதிலும் இருக்கிறது.
* பலமானவர் எழுதும் ஒப்பந்தம் அவருக்குப் பிறகும் வாழும். 1892 அதற்கு நம் ஊர் சாட்சி.
* பக்கத்து நாட்டுக்கு நாமும் பெரிய நாடுதான்.

அடுத்த முறை 'சீனா கட்டுப்பாடு', 'அமெரிக்கா வரி' என்று பிரேக்கிங் நியூஸ் வந்தால் 3 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கேட் யார் கையில்? மாற்றுப் பாதை இருக்கா? காத்திருக்கும் நேரத்தில் சம்பளம் யாருக்கு நிற்கும்? முதல் இரண்டுக்கும் பதில் தில்லியிலும் பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் கிடைக்கும். மூன்றாவதற்கு ஓசூர் சிப்காட் பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்ட் முடிந்து நிற்பவர்களைக் கேட்டாலே போதும்.